உச்சிவேளையில் கூப்பிட்ட கிட்டார்

உச்சிவேளையில் யாராவது கூப்பிட்டால் உடனே ஏன் என்று கேட்கக் கூடாது என்பார்கள் எங்கள் கரிசல் பக்கத்தில். பேய் ஒரு தடவைதான் கூப்பிடும். மனுசர் என்றால் மூன்றாவது தடவையும் கூப்பிடுவார். பகலில் இதைச் சொன்னால் நானே கேலி செய்வேன். ஆனால் மாசி மாத ஞாயிறு ஒன்றில், அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, முன்னறை ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து "ஏட்டி" என்று ஒரு குரல் வந்தது. இந்த வீட்டில் என்னை அப்படிக் கூப்பிட்டவர் என் வீட்டுக்காரர் மட்டும்தான். அவர் போய்ச் சேர்ந்தபோது தவழ்ந்துகொண்டிருந்த மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். நான் வாயை இறுக மூடிக்கொண்டேன்.

அவர் கோயில் கொடைத் திருவிழாக் கச்சேரிகளில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்தவர். அந்தக் கிட்டாரின் கழுத்து மட்டும்தான் பழைய வெளிநாட்டுச் சரக்கு. அதன் உடம்பு வேனிலிருந்து விழுந்து பிளந்த பிறகு, ஆசாரி ஒருவரிடம் வேப்பம்பலகையில் செய்து வாங்கினார். மாட்டினால் தோள் இறங்கிவிடும், அவ்வளவு கனம். முகப்பில் பழுத்த பல்லின் நிறத்தில் ஒரு தகடு. கம்பிகளுக்கு அடியில் பிக்கப். காந்தத்தின் மேல் முடியைவிட மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றிச் செய்த சின்னக் கட்டை அது. கிட்டார் கம்பி அதிர்வதைப் பெட்டிக்குக் கொண்டுபோவது அதன் வேலை. சுற்றுகள் ஆடாமலிருக்க உள்ளே மெழுகு ஏற்றுவார்கள். இந்தப் பழைய பிக்கப்பில் மெழுகு இல்லை. அதனால் பலகையைத் தட்டினாலும் கேட்கும், பக்கத்தில் பேசினாலும் கேட்கும்.

அவருக்கு அது விளையாட்டு. கம்பிகளின் மேல் வாயை வைத்து, "ஏட்டி, காப்பி" என்பார். பெட்டி வழியாக வரும்போது குரல் மெலிந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். "இந்தா வாரேன்" என்று நான் கத்துவேன். பத்தடி தூரத்துக்குக் கரண்ட் செலவழித்துக் காப்பி கேட்ட மகராசன்! இந்தக் கதையை மகளுக்கு எத்தனையோ தடவை சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது அவள்தான் அதை வாசிக்கிறாள். கழுகுமலையில் பங்குனிக் கச்சேரிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவளுக்கு முதல் மேடை. ஆனால் சத்தத்தைக் கூட்டினால் கிட்டார் வீலென்று அலறியது. பிக்கப்பை உருகிய மெழுகில் முக்கி எடுத்தால் அலறாது, பேச்சும் கேட்காது என்று மதுரை ரிப்பேர்க்காரர் போனில் சொன்னார். எங்கள் வீட்டில் மெழுகுக்கா பஞ்சம்? தீப்பெட்டி ஆபீஸில் குச்சிகளை மெழுகில் முக்குவதுதான் என் பிழைப்பு. இருந்தும் இன்றைக்கு, நாளைக்கு என்று நான்தான் இழுத்தடித்தேன். அவர் பேசிய வழியை என் கையாலேயே அடைக்க மனசு வரவில்லை.

அந்த நேரத்தில்தான் குரல் வந்தது. அடுத்த ஞாயிறும் உச்சியில் அதே "ஏட்டி". ஒரே தடவை. மகள் தூங்குகிறாள் என்று நினைத்தேன். முன்னறையை எட்டிப் பார்க்கத் தைரியமில்லை. உயிரோடு இருந்தபோது ஓடி ஓடிக் காப்பி கொடுத்த மனுசனுக்கு இப்போது பயப்படுகிறேனே என்று அழுகையும் வந்தது.

"வார ஞாயித்துக்கிழம மெழுகு ஏத்திருவோம்ட்டி" என்றேன் சாயங்காலம். அதுவரை நச்சரித்தவள், "சரிம்மா" என்று சுரத்தில்லாமல் சொன்னாள்.

அந்த ஞாயிறு, கொதிதண்ணீர்ச் சட்டிக்குள் மெழுகுக் கிண்ணத்தை வைத்தேன். தெருவில் ஈ, காக்கை இல்லை. மெழுகு ஓரத்தில் இளகத் தொடங்கியபோது, "ஏட்டி."

கரித்துணியைக் கையில் பிடித்தபடியே போனேன். மகள் தரையில் உட்கார்ந்து, கிட்டாரை மடியில் கிடத்தி, கம்பிகளின் மேல் குனிந்திருந்தாள். அவள் உதடு அசைந்தது. "ஏட்டி, காப்பி" என்று அவர் குரல் எனக்குப் பின்னாலிருந்த பெட்டியில் கேட்டது. அவள்தான் என்று கண்ணால் பார்த்த பிறகும் பெட்டியைத் திரும்பிப் பார்த்தேன்.

நிமிர்ந்தவள் கண் கலங்கியிருந்தது. "அப்பா குரல் இப்படித்தான் இருக்குமாம்மா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"மெழுகு ஏத்திட்டா இனி கேக்காதுல்லா. அதான் கூப்பிட்டுப் பாத்தேன். நீ ஒருக்காகூட 'இந்தா வாரேன்'னு சொல்லலயேம்மா."

அடுப்படிக்குத் திரும்பிப் போய் நின்றுகொண்டேன். "கூப்பிடுட்டி" என்றேன்.

கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள். மூன்றாவது தடவை, "இந்தா வாரேன்" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

பிறகு இருவருமாகப் பிக்கப்பைக் கழற்றி மெழுகில் இறக்கினோம். உள்ளே அடைந்திருந்த காற்று சின்னச் சின்னக் குமிழாக மேலே வந்தது. அது நிற்கும்வரை இருவரும் கிண்ணத்தின் மேல் குனிந்திருந்தோம்.