மூன்றாவது பாட்டில் ஒரு கீறல்

இன்று காலை லேக் கார்டன்ஸுக்குத் துக்கம் விசாரிக்கப் போயிருந்தேன். சேகர் போய்ப் பத்து நாளாகிறது. முப்பது வருஷம் ஸோல், ராக் என்று மேற்கத்திய இசை ரெக்கார்டுகளை என்னோடு சேர்த்த கூட்டாளி.

அவன் மனைவி லதா ஒரு ரெக்கார்டைக் கொண்டுவந்து நீட்டினார். சர்ச்சில் பாடி வளர்ந்த ஒரு ஸோல் பாடகியின் ஆல்பம்.

"கடைசியா இதைத்தான் கேட்டார். நீங்களே வச்சுக்கோங்கோ."

பாழாய்ப்போன பழக்கம். வாங்கியதுமே உறையிலிருந்து உருவி, டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துக் கீறல் பார்த்தேன். இழவு வீட்டில்!

"மூணாவது பாட்டுல இருக்கும்" என்றார் லதா.

எனக்குத் தெரியும். ஒரு நவராத்திரி பூஜோ லீவில் இரவல் வாங்கிக் கீறியது நான்தான். சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பியானோ நின்று பாடகி மூச்சிழுக்கும் இடத்தில் ஊசி குதிக்கும்.

"அவர் வேற யாருக்குமே ரெக்கார்டு குடுத்ததில்லை. அந்த எடம் வந்தா, 'என்னிக்காவது அவனே சொல்லுவான்'னு சிரிப்பார்."

அப்போதும் சொல்லாமல், ரெக்கார்டை உறைக்குள் தள்ளி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ரெக்கார்டு இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. யார் கேட்டாலும் இரவல் தருகிறேன். கீறிவிட்டால் சொல்லிவிடுங்கள், நான் இருக்கும்போதே.