எலிக்கு இறங்கிய சர்க்கரையும் திருவையாற்று மரகதமும்

பட்டுக்குட்டி, நீ வெள்ளிக்கிழமைதோறும் போய்வந்த வழியில் நேற்று நானும் போய்வந்தேன்.

படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பட்டு என் தங்கை. சர்க்கரைக்காரி. சிறுகுறிஞ்சான் இலையில் தஞ்சாவூர் காலேஜின் ஆராய்ச்சி எலிகளுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது என்று கேள்விப்பட்டு, மாத்திரையை நிறுத்திவிட்டு இலைக்கு மாறினாள். காலில் புண் வந்ததை மறைத்துவிட்டாள். எனக்குத் தெரிந்தபோது பாதம் கறுத்திருந்தது. தையில் போய்விட்டாள்.

இலை விற்றவள் திருவையாற்று மரகதம். வாய்க்கு வாய் "மரகதக்கா" என்பாள் பட்டு. அவளுக்கு அக்கா நான் ஒருத்திதான். மாத்திரையை நிறுத்தச் சொன்னது அந்த மரகதம்தானா என்று முகத்துக்கு நேராகக் கேட்கத்தான் கிளம்பினேன்.

நீடாமங்கலத்திலிருந்து தஞ்சாவூர் முப்பது கிலோமீட்டர். பாசஞ்சர் ரயிலில் பத்து ரூபாய். இப்போது சம்பா நடவு, ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள்.

முதலில் காலேஜுக்குப் போனேன். எங்கள் தெருப் பெண் கவிதா அங்கே ஆராய்ச்சி படிக்கிறாள். அனுமதி வாங்கி எலி அறையைக் காட்டினாள். ஒவ்வொன்றுக்கும் வாலில் அடையாளம், எடை போட்ட தீனி. ஒரு எலியை அலுங்காமல் பிடித்து, ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்த்தாள்.

"ஊசி போட்டு நாங்களேதான் இதுங்களுக்குச் சக்கரை வர வைக்கிறோம் அத்தை. அப்புறம் இலைச்சாறு. சிலதுக்குக் குறையுது. மனுஷருக்கு எவ்வளவு, எப்படின்னு எங்களுக்கே தெரியாது. மாத்திரைக்குப் பதிலா இதுன்னு நாங்க சொல்லவே இல்ல."

"கடைசில இந்த எலியெல்லாம்?"

"கொன்னுட்டுத்தான் உள்ள பாப்போம்."

கொல்வார்கள் என்று தெரிந்தும் அந்த எலிமேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. சிரிக்காதீர்கள். அந்த எலிக்கு ஏறுதா இறங்குதா என்று பார்க்க ஓர் ஆள் இருந்தது.

பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து திருவையாற்றுக்கு டவுன் பஸ். பெண்களுக்குக் காசில்லை. நின்றுகொண்டு வந்த ஒருவர், "ஆட்சியே உங்களுதுதாம்மா, நாங்கதான் காசையும் குடுத்துட்டு நிக்கிறோம்" என்றார். "அப்ப சேலை கட்டிக்கிட்டு வாங்க" என்றேன். பஸ்ஸே சிரித்தது. பாதி வழியில் மறியல். நட்ட வயலுக்குள் எண்ணெய்க் குழாய் பதிக்க மிஷினைக் கொண்டு வந்துவிட்டார்களாம். நாற்றுமுடியோடு பெண்கள் ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். இறங்கி நடந்தேன்.

மரகதம் வாசலில் இலை காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"பட்டுவோட அக்காவா? வாங்க வாங்க. மூக்கப் பாத்தாலே தெரியுதே."

"மாத்திரைய நிறுத்தச் சொன்னது நீங்கதானே?"

"நல்லாக் கேட்டீங்க போங்க! நானே ரெண்டு வேளை மாத்திரை போடுறவ. காலேஜு எலிக்கு நம்ம இலைதான் போகுதுன்னு பெருமையாச் சொன்னேன். அத அவ இப்படி எடுத்துக்குவான்னு யாரு கண்டா?" குரல் இறங்கியது. "புண்ணப் பாத்ததும் பெரியாஸ்பத்திரிக்கு ஓடுடின்னு திட்டினேன். கால மடியில வெச்சுத் தொடச்சுக் கட்டி விட்டேன். அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கன்னு அழுதா."

"எப்ப?"

"போன தீபாவளிக்கு முன்னாடி."

அவள் மடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். காபி கொடுத்தாள். குடிக்கவில்லை.

போகிறவர்களுக்கு: மறியல் இருக்கிறதா என்று பஸ் ஏறும் முன் விசாரியுங்கள். எலி அறைக்கு முன்கூட்டியே அனுமதி வேண்டும். மரகதத்திடம் இலை வாங்கினாலும் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள். எலிக்கு இறங்கியது எலிக்குத்தான். பாதத்தில் சின்னக் கீறல் என்றாலும் வீட்டில் காட்டுங்கள். திட்டினால் திட்டட்டும்.

திரும்பும்போது காவிரிப் பாலத்தில் நின்றேன். தண்ணீர் கரை தொட்டுப் போனது. மரகதம் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பட்டு, நானும் திட்டியிருப்பேன், அவளும் திட்டத்தானே செய்தாள். அப்புறம் ஏன்டி அவள் மடியில் காலை வைத்தாய், என் மடியில் வைக்கவில்லை?