லவர்ன் கூபியாக்கின் பதினோரு அடி

ஐம்பத்தெட்டு விநாடி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் கிளம்புகிறது.

இண்டியானாவில் கார்வின் என்ற ஊரில் ஹால்ஸ்டெட் கார் தொழிற்சாலை ஓடிக்கொண்டிருந்த காலத்தில், லவர்ன் நின்ற இடத்தை ஒரு வண்டி கடந்துபோக ஆன நேரம் அது. அதற்குள் அவள் பதினோரு அடிக்குப் பசை போட வேண்டும். வண்டியின் பெயர் பிரெய்ரி. நீளமான குடும்ப வண்டி. பின்சீட்டுக்கு மேலே கூரையில் பெரிய கண்ணாடி. பிள்ளைகள் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்று விளம்பரம் செய்தார்கள். அந்தக் கண்ணாடிக்கும் தகரத்துக்கும் நடுவில் சுற்றிவரப் பதினோரு அடிப் பள்ளம். அதில் கறுப்புப் பசையைப் பிதுக்கி, பிரஷ்ஷால் இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. முடிந்த மாதிரி இருக்கும். மழை வந்தால்தான் தெரியும்.

பிரெய்ரி ஒழுகும். ஊரறிந்த விஷயம். வானத்தைப் பார்த்துக்கொண்டு போன பிள்ளைகள் வானத்தில் நனைந்துகொண்டும் போனார்கள்.

லவர்ன் வேலைக்குச் சேர்ந்தது 1962 வசந்தத்தில், இருபத்தொரு வயதில். இடதுகைக்காரி. அவள் வேலை செய்த இடம் வலதுகைக்காரர்களுக்காக அமைத்தது. பசைத் துப்பாக்கி தப்பான பக்கம் தொங்கும். முதல் வாரமே அவளுக்கு ஒன்று புரிந்துவிட்டது: இது இரண்டு ஆள் வேலை. ஒருவர் பசை போட வேண்டும், இன்னொருவர் அமுக்கி வழித்துவிட வேண்டும். தொழிற்சங்கத்தில் அவர்கள் பகுதிக்குப் பொறுப்பாளர் ஓட்டிஸ் கெய்ன்ஸ். அவரிடம் போய்ச் சொன்னாள். அவர் எழுதிக் கொடுத்தார். பதினோரு வாரம் கழித்து நிர்வாகத்திடமிருந்து பதில் வந்தது. ஒரே வரி: அந்த வேலைக்கு ஓர் ஆள் போதும்.

"படிச்சுட்டியா, சிஸ்டர்?" என்றார் ஓட்டிஸ். "இத எழுதினவர் வண்டி ஒழுகாது. ஏன்னா அவர் பிரெய்ரி வாங்கமாட்டார்."

1964 டிசம்பரில் தொழிற்சாலையை மூடினார்கள். லவர்ன் ரொட்டி வேன் ஓட்டிய லெனார்ட் கூபியாக்கைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தாள். மூன்று பிள்ளைகள். லெனார்ட் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷமாகிறது. வீட்டில் எந்த சன்னலிலும் காற்று புகாது, எந்தக் குளியலறை மூலையிலும் ஈரம் இறங்காது. அதையெல்லாம் அவளே பார்த்துக்கொள்வாள். மழை பெய்தால் மட்டும் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. எங்கேயோ ஒரு பின்சீட்டில் ஒரு குழந்தையின் மடி நனைகிறது என்று தோன்றும். கடைசி பிரெய்ரி சாலையை விட்டுப் போய்ப் பல வருஷமான பிறகும் தோன்றிக்கொண்டுதான் இருந்தது.

ஆனால் பிரெய்ரிகள் முழுக்கப் போய்விடவில்லை. பெரிய கம்பெனி வண்டிகளுக்குக் கண்காட்சி உண்டு, ஏலம் உண்டு, கெட்டி அட்டைப் புத்தகம் உண்டு. பிரெய்ரியைச் சீந்துவாரில்லை. அதனாலேயே அதைப் பிடித்தவர்கள் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு ஆகஸ்டிலும் அறுபது எழுபது பிரெய்ரிகள் கார்வின் சந்தைத் திடலுக்கு வரும். பிரெய்ரிக்காரர்கள் வைத்திருக்கும் சங்கத்தின் சட்டையில் ஒரு வாத்துப் படம், வாத்தின் கையில் குடை. சனிக்கிழமை மத்தியானம் 'வாத்து நேரம்' என்று ஒரு கூத்து. வண்டிகளை வரிசையாக நிறுத்தி, தீயணைப்புக்காரர்களின் குழாயால் தண்ணீர் அடிப்பார்கள். ஒவ்வொரு வண்டியின் பின்சீட்டிலும் ஓர் ஆள் மடியில் காலி டப்பாவோடு உட்கார்ந்திருப்பார். யார் டப்பாவில் தண்ணீர் அதிகமோ அவருக்கு மஞ்சள் ரப்பர் வாத்து பரிசு.

திடலின் ஓரத்தில் புனித ஹெட்விக் தேவாலயத்தின் பியரோகிக் கடை. மாவுக்குள் உருளைக்கிழங்கும் தயிர்க்கட்டியும் வைத்து மடித்து, வெங்காயத்தோடு வெண்ணெயில் வாட்டித் தருவார்கள். பதினாலு வருஷமாக அந்தக் கடையில் லவர்னும் அவள் நாத்தனார் ஸ்டாஷாவும்தான். கடைக்கு முன்னால் மடக்கு நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு வண்டிக்காரர்கள் பேசுவதெல்லாம் அவள் காதில் விழும்.

"எங்க வண்டியில முன்சீட்டுல இருக்கிறவங்க சண்டை போடுவாங்க. பின்சீட்டுல இருக்கிறவங்க குளிப்போம்," என்பார் ஒருவர்.

"நாங்க குடைய வண்டிக்குள்ளதான் விரிப்போம். இருந்தாலும் அத வித்த அன்னிக்கு அம்மா சாப்பிடல. கேரேஜ் காலியா இருக்குன்னு கதவத் தொறந்து தொறந்து பாத்தாங்க."

"கூரைய ஒட்டினவன் யாரோ, நல்லாக் குடிச்சிட்டு வந்திருப்பான் போல."

எல்லோரும் சிரிப்பார்கள். லவர்ன் தட்டில் வெங்காயத்தை அள்ளி வைப்பாள்.

"நீயும் சிரிச்சுத் தொலையேன்," என்பாள் ஸ்டாஷா மெதுவாக. "நீதான்னு யாருக்குத் தெரியப்போகுது?"

"சிரிச்சா தெரிஞ்சுபோயிடும்."

பதினாலு வருஷமும் அவள் வாயைத் திறக்கவில்லை.

2018 ஆகஸ்டில் எவரெட் நெய்லர் வந்தான். ஐம்பத்தாறு வயது, பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். வெளிர் பச்சைப் பிரெய்ரி, 1963 அக்டோபரில் தயாரானது. அவன் அப்பா புதிதாக வாங்கிய வண்டி. பத்து வருஷம் ஓட்டிவிட்டு, மிச்ச காலமெல்லாம் களஞ்சியத்துக்குள் போர்வை போர்த்தி வைத்திருந்தார். அந்த வசந்தத்தில்தான் இறந்துபோனார். எவரெட் வண்டியை 'கைபடாதது' என்ற பிரிவில் சேர்த்தான். தொழிற்சாலையை விட்டு வந்தபடியே இருக்கிற வண்டிகளுக்கான பிரிவு அது. பெயிண்ட் மங்கியிருக்கலாம், சீட் கிழிந்திருக்கலாம். யாரும் தொட்டிருக்கக் கூடாது. காலையில் முன்கண்ணாடியில் அட்டை மாட்டினார்கள்: கைபடாதது.

மத்தியானம் வாத்து நேரம். எவரெட்டின் மனைவி டப்பாவோடு பின்சீட்டில் உட்கார்ந்தாள். ஏழு நிமிடம் தண்ணீர் அடித்தார்கள். பக்கத்து வண்டிகளிலிருந்து கூச்சலும் சிரிப்பும் கிளம்பின. அவள் இறங்கி வந்து டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டு இல்லை.

முதலில் சிரிப்பு. பிறகு எல்லோரும் வெண்டல் புரூயிட்டைப் பார்த்தார்கள். அவர்தான் தலைமை நடுவர், ஓய்வுபெற்ற இயற்பியல் வாத்தியார். பிரெய்ரியின் ஒவ்வொரு திருகுக்கும் ஒரு வரி எழுதிச் சங்கத்துக்குப் புத்தகம் போட்டவர். ஏணி வைத்து ஏறி, கூரைக் கண்ணாடியைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தார். இறங்கினார்.

"பிரஷ் தடம் இல்ல," என்றார். "வழவழன்னு இருக்கு. ஏதோ கருவி வெச்சு வழிச்சிருக்காங்க. இது ஃபாக்டரி வேலை இல்ல, தம்பி. பின்னாடி யாரோ புதுசாப் போட்டிருக்காங்க."

"யாரும் போடல, சார். ஒரு திருகு முடுக்கினாக்கூட அப்பா நோட்டுல எழுதி வைப்பாரு. இதுவரைக்கும் கூரையத் தொடலன்னு சத்தியம் பண்ணிச் சொல்வாரு."

"அப்பாங்க நிறையச் சொல்வாங்க."

"எங்கப்பா பொய் சொல்லமாட்டாரு."

"பொய்னு நான் சொல்லல. மறந்திருப்பாரு." வெண்டல் அட்டையைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

எவரெட்டின் முகம் சிவந்துபோயிற்று. அட்டை இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். மனைவி அவன் முழங்கையைப் பிடித்தாள். இதெல்லாம் கடையிலிருந்து முப்பது அடியில் நடந்தது.

லவர்ன் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எங்க கிளம்பிட்ட?" என்றாள் ஸ்டாஷா.

"அந்த வண்டியப் பாக்கணும்."

"லவர்ன், வாயத் தொறந்தீன்னா இந்த வாத்துச் சட்டைக்காரங்க சாகற வரைக்கும் உன்ன விடமாட்டாங்க."

"அந்தப் பையனோட அப்பா செத்துப்போயிட்டாரு. அவரால வந்து பதில் சொல்ல முடியாது."

அவள் ஏணியில் ஏறினாள். எழுபத்தேழு வயது, இரண்டு பேர் ஏணியைப் பிடித்துக்கொண்டார்கள். பள்ளத்தில் கட்டைவிரலை வைத்து வலமிருந்து இடமாக ஓட்டினாள். மூலையில் பசை ஒரு சின்னச் சுழியோடு முடிந்திருந்தது. அங்கே விரலைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

"இது ஃபாக்டரி வேலைதான்," என்றாள் மேலே நின்றபடியே. "நான் போட்டது."

வாத்துச் சட்டை போட்ட ஒரு பெண் கேட்டாள்: "அப்போ எங்க வண்டிக்கும் நீங்கதான் போட்டீங்களா, மிஸஸ் கூபியாக்?"

"பகல் ஷிஃப்ட்டுல வந்ததுன்னா நான்தான்."

"எங்க அக்கா ஞானஸ்நான டிரெஸ்ஸோட நனைஞ்சா."

"அதுக்கும் நான்தான். குடிச்சிட்டுப் போடல. ஐம்பத்தெட்டு விநாடி குடுத்தாங்க, போட்டேன்."

கூட்டத்தில் யாரோ ஒருவர் நாற்காலியில் நெளிந்தார்.

"இது மட்டும் ஏன் ஒழுகல?" என்றார் வெண்டல். நம்பாத குரல்.

அவள் இறங்கி, வண்டியில் சாய்ந்துகொண்டு சொன்னாள். 1963 அக்டோபர், ஒரு வியாழக்கிழமை. வண்டிகளை இழுக்கிற சங்கிலி அறுந்துபோனது. எல்லோரும் சிகரெட் பிடிக்கப் போய்விட்டார்கள். கண்ணாடி பொருத்தும் இடத்துக்கும் அவள் இடத்துக்கும் நடுவில் பன்னிரண்டு பிரெய்ரிகள் வரிசையில் நின்றன. அவள் பசைத் துப்பாக்கியையும் மதியச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்த சூப் ஸ்பூனையும் எடுத்துக்கொண்டு முதல் வண்டிக்குப் போனாள். பசையைப் போட்டாள், ஸ்பூனின் முதுகால் அமுக்கி வழித்தாள், அடுத்த வண்டிக்குப் போனாள். ஓட்டிஸ் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"சங்கிலி அறுந்தா உக்காரணும், சிஸ்டர். கம்பெனிக்கு ஓசியில வேலை பாக்காத."

"கம்பெனிக்கு இல்ல, ஓட்டிஸ். சரியாப் போட்டா எப்படி இருக்கும்னு ஒருவாட்டி பாக்கணும்."

முப்பத்தெட்டு நிமிடம் கழித்து மணி அடித்தது. ஒன்பது வண்டி முடித்திருந்தாள். அந்த ஒன்பதும் தன் இடத்தைக் கடந்தபோது அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்று, வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல்முறையாகச் சன்னலுக்கு வெளியே பார்த்தாள். பத்தாவது வண்டி வந்தது. பிரஷ்ஷைக் கையில் எடுத்தாள்.

"அந்த ஒன்பதும் எங்க போச்சுன்னு இத்தன வருஷமா யோசிச்சிட்டே இருந்தேன்," என்றாள். "ஒண்ணு இங்க இருக்கு."

வெண்டல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "மன்னிக்கணும், மேடம். வாய்வார்த்தைக்கு என் தாள்ல மார்க் கிடையாது."

"வார்த்தைய யாரு கேட்டா? ஒரு கூரையும் பசையும் கொண்டாங்க."

பழைய பாகம் விற்கிறவர் ஒருவரிடம் கண்ணாடியோடு பிரெய்ரிக் கூரை ஒன்று கிடந்தது. பழைய பசையைச் சுரண்டிவிட்டு அதை இரண்டு மரத் தாங்கிகள்மேல் வைத்தார்கள். ஹார்டுவேர் கடையிலிருந்து கறுப்புப் பசையும் துப்பாக்கியும் வந்தன. ஸ்டாஷா கடையிலிருந்து பரிமாறுகிற ஸ்பூனைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து நீட்டினாள்.

"பெருசா இருக்கே," என்றாள் லவர்ன்.

"உன் வாயும்தான். போடு."

வெண்டல் பையிலிருந்து ஸ்டாப்வாட்சை எடுத்தார். வகுப்பறைக் காலத்துப் பழக்கம்.

முதல் ஓர் அடியில் பசை கொஞ்சம் வெளியே வழிந்தது. விரலால் துடைத்துப்போட்டுவிட்டு மேலே போனாள். அதற்குப் பிறகு வழியவில்லை. வலமிருந்து இடம், மூலைக்கு மூலை ஒரு சுழி. எழுபது பேர் சுற்றி நின்றார்கள். கடைசி மூலையை முடித்து ஸ்பூனை ஏப்ரனில் துடைத்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது.

வெண்டல் பொத்தானை அமுக்கினார். நேரத்தைச் சொல்லவில்லை. எவரெட்டின் வண்டிக்குப் போனார், ஏறிப் பார்த்தார், திரும்பி வந்து குனிந்து பார்த்தார். மறுபடியும் ஏணி. அதே பள்ளம், அதே பக்கச் சாய்வு, மூலையில் அதே சுழி. வாய்க்குள்ளேயே முணுமுணுத்தார்: "முப்பத்தெட்ட ஒன்பதால வகுத்தா... வண்டிக்கு நாலு நிமிஷம் சொச்சம்." ஸ்டாப்வாட்சைப் பார்த்தார்.

சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து எவரெட்டின் கையில் கொடுத்தார். "உங்க அப்பா சொன்னது சரிதான். நான்தான் தப்பு."

எவரெட் அட்டையை முன்கண்ணாடியில் மாட்டினான். பிறகு பின்கதவைத் திறந்து லவர்னிடம் சொன்னான்: "ஏறி உக்காருங்கம்மா. இன்னொரு தடவ தண்ணி அடிக்கச் சொல்றேன்."

"டப்பா?"

"வேண்டாம்."

அவள் ஏறி, தலையைச் சாய்த்துக் கூரையைப் பார்த்து உட்கார்ந்தாள். குழாய் திறந்தது. கண்ணாடிமேல் தண்ணீர் தடதடவென்று விழுந்தது. அவள் மடி காய்ந்தே இருந்தது.

வெளியே வெண்டல் தண்ணீர் எட்டாத ஒரு நாற்காலியில் தன் புத்தகத்தை விரித்து, கூரைக் கண்ணாடிப் பக்கத்தை எடுத்தார். 'தொழிற்சாலை முறை: பிரஷ்' என்று அச்சிட்டிருந்த வரிக்குக் கீழே பேனாவால் 'லவர்ன் கூபியாக், ஸ்பூன், இடதுகை' என்று எழுதினார். அதற்குப் பக்கத்தில் நேரத்தையும் எழுதினார்.

நாலு நிமிடம் பத்து விநாடி.