நம்ம புள்ள ஓட்டிய கார்

உயர்தரப் பரீட்சையில் இரண்டாவது முறையும் கோட்டைவிட்ட வருடம் நான் கொழுந்து எடுக்கப் போனேன். எங்கள் தேயிலைத் தோட்டம் லுணுகலைக்கு மேலே. காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு மலை ஏறினால் பத்து மணி வரைக்கும் பனிமூட்டம் கலையாது. பக்கத்து நிரையில் நிற்பவளின் குரல் கேட்கும், ஆள் தெரியாது. என் வாயோ சும்மா இருக்கிற வாய் இல்லை. பதுளை பஸ் நிலையத்துக் கடையில் வாங்கிய நாவலை, கொழுந்து எடுக்கும் பெண்களுக்குக் கதையாகச் சொல்ல ஆரம்பித்தேன்.

அது ஒரு கார்ப் பந்தய நாவல். அந்த வருடம் எல்லோரும் அதைத்தான் படித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் படித்ததை வாரம் முழுக்க இழுத்து இழுத்துச் சொல்வேன். நாவலில் பந்தயப் பாதை சமதரையில் இருந்தது. எங்கள் பெண்கள் அதை ஒத்துக்கொள்ளவே இல்லை. ஒரு பக்கம் பள்ளமும் ஒரு பக்கம் மலையும் இல்லாமல் அது என்ன ரோடு? சரி என்று நானும் நாலைந்து கொண்டை ஊசி வளைவுகளைப் போட்டுக் கொடுத்தேன். கைகள் தானாகக் கொழுந்து கிள்ளும். கீழே எங்கேயோ பதுளை பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போகும். வெள்ளைப் புகைக்குள் கதாநாயகனுடைய சிவப்புக் கார் எங்களைச் சுற்றிக்கொண்டு போவதாகவே எனக்கும் தோன்றும். நாவலில் அவனுக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. ஆனால் இவர்களுக்கு அவன் ‘நம்ம புள்ள’தான்.

எனக்கு அடுத்த நிரை, எங்கள் லயத்தில் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுடையது. அவருடைய ஒரே மகன் கட்டாரில் லொறி ஓட்டிக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமை தவறாமல் வீடியோ அழைப்பு எடுக்கிறவன், மூன்று வாரமாக எடுக்கவில்லை. பெரியம்மா அதைப் பற்றி ஒன்றும் பேசமாட்டார். கதையை மட்டும் கேட்பார்.

“இன்னைக்கு நம்ம புள்ள எப்படி இருக்கான், சொல்லு புள்ள.”

நாலாவது வெள்ளிக்கிழமையும் போன் வரவில்லை. பெரியம்மா என்னையும் கூட்டிக்கொண்டு தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போனார். பூசாரி அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு, “பேரு, நட்சத்திரம் சொல்லுங்க” என்றார். பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டு சொன்ன பெயர், நாவலில் கார் ஓட்டுகிறவனுடைய பெயர். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அதற்குள் என் காதருகே குனிந்து, “அவனுக்கு என்னா நட்சத்திரம் புள்ள?” என்றார்.

“அது புத்தகத்துல இல்லீங்களே பெரியம்மா.”

அவர் பூசாரியிடம், “கார்த்திகைனு சொல்லுங்க சாமி. என் மகனோடது. அவன் நல்லபடியா வந்துட்டா இவனும் வந்துருவான்” என்றார். என் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். கடைசிச் சுற்றில் கார் புரண்டு தீப்பிடிக்கிறது. அவன் செத்துப் போகிறான். இரண்டு பக்கத்துக்கு அழகழகாக வர்ணனை வேறு. எழுதியவர் மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, ஆள் கையில் கிடைத்திருந்தால் ஒரு வழி பண்ணியிருப்பேன்.

திங்கட்கிழமை மூட்டம் வழக்கத்தைவிட அடர்த்தி. முடிவைக் கேட்க எல்லோரும் என் நிரைக்குப் பக்கமாக வந்துவிட்டார்கள். பெரியம்மாவின் கை மட்டும் கிள்ளுவதை நிறுத்தியிருந்தது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்கிறார்கள். ஒரே ஒரு பொய் சொல்லி ஒரு தாய்க்கு உயிர் கொடுக்கக் கூடாதா?

“கார் பெரண்டுருச்சு” என்றேன். “ஆனா அவனுக்கு ஒண்ணும் ஆகல. கதவத் தொறந்துகிட்டு எறங்கி நடந்து வந்தான்.”

அவர்கள் போட்ட கூச்சலில் கங்காணி கீழேயிருந்து, “அங்க என்னா சத்தம்?” என்று அதட்டினார். பெரியம்மா மறுபடி கொழுந்து கிள்ளத் தொடங்கினார். எனக்கு அன்று முழுக்கப் பயமாக இருந்தது.

அடுத்த மாதம் அவருடைய மகன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினான். இடது கையில் கட்டு. படியில் சறுக்கி விழுந்ததாகவும் போன் உடைந்துவிட்டதாகவும் அம்மாவிடம் சொல்லியிருந்தான். நான் பார்க்கப் போனபோது பெரியம்மா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே, நம்ம புள்ளயின் கதையை முதலிலிருந்து அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார், என் கொண்டை ஊசி வளைவுகளோடு.

“அந்தக் கதையா?” என்றான் அவன். “அங்க எங்க ரூம்ல நாங்க எல்லாருமே படிச்சோம்மா.”

பெரியம்மா கையில் கோப்பையோடு நின்றார்.

“அப்ப முடிவு ஒனக்குத் தெரியுமா? கார் பெரண்டும் அவன் எறங்கி நடந்துல்ல வந்தான்?”

அவன் என்னைப் பார்த்தான். கோப்பையை வாங்க வலது கையை நீட்டினான். சட்டையின் கழுத்துப் பட்டி விலகியது. இடது தோளிலிருந்து கழுத்து வரை ஏறியிருந்த தீக்காயம் அப்போதுதான் என் கண்ணில் பட்டது. அவன் மெதுவாகப் பட்டியை இழுத்து மூடிக்கொண்டான்.

“தெரியும்மா. கார்தான் பெரண்டுச்சு. அவனுக்கு ஒண்ணும் ஆகல.”

பெரியம்மா சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “நீ ஏன் புள்ள அழுவுற?” என்றார்.

தேத்தண்ணி சுடுகிறது என்றேன்.