யாரும் கேட்காத கேள்விக்கு விமலாவின் பதில்

சென்ற வாரம் ஒரு காலை, தம்போய் தொழிற்சாலை ஆய்வகத்தில் நான் தண்ணீர் மாதிரிகளைச் சோதித்துக்கொண்டிருந்தபோது விமலாவின் தங்கை தொலைபேசியில் அழைத்தார். "அக்கா போயிட்டாங்க." கையிலிருந்த குப்பியை எங்கே வைத்தேன் என்று இன்றும் நினைவில்லை.

அதே ஆய்வகத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் என் பக்கத்து மேசையில் வேலை பார்த்தவர் விமலா. ஞாயிறுதோறும் ஊர் ஊராகப் போய், பூமிக்கு வெளியே உயிர் இருக்குமா என்று தேடும் விண்ணுயிரியலைப் பற்றித் தமிழில் பேசுவார். நுண்ணோக்கியைத் தூக்கிக்கொண்டு நானும் போவேன். கெலாங் பாத்தாவில் நடந்த முதல் கூட்டத்துக்கு ஏழு பேர்தான் வந்தார்கள். அதில் ஒருவர் மகளின் ஜாதகத்தோடு வந்திருந்தார். நான் சிரித்துவிட்டேன். விமலா சிரிக்கவில்லை. "உட்காருங்க அங்கிள். நானும் செவ்வாயப் பத்திதான் பேசப்போறேன்."

குளுவாங் தோட்டத்து மண்டபத்தில், விபத்தில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் எழுந்தார். "செத்தவங்க அங்கதான் போறாங்களா டீச்சர்? என் மகன் அங்க இருப்பானா?"

ஆமாம் என்று சொல்லிவிடேன் என்பதுபோல் விமலாவைப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியாதுக்கா. நாங்க தேடுறது கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உயிருங்கள. உங்க மகனப் பத்திப் பொய் சொல்ல மனசு வரல."

பாதிப் பேர் முகம் சுளித்து எழுந்து போனார்கள். விமலா பேச்சை அத்தோடு நிறுத்திவிட்டு, சாயங்காலம்வரை அந்தத் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் மகனின் கதையைக் கேட்டார்.

கல்லீரலுக்குப் பரவிய பிறகே விமலாவுக்குப் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. குளுவாங்கில் ஒப்புக்கொண்டிருந்த அடுத்த கூட்டத்தை என்னையே நடத்தச் சொன்னார். "நீயே பேசு லா. உனக்குத் தெரியாததா?"

நான் போகவில்லை. மேடையென்றால் எனக்குப் பயம். மறுநாள் மருத்துவமனையில், "நிறைய பேர் வந்தாங்க" என்றேன்.

"என்ன கேட்டாங்க?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "செவ்வாயில முன்ன உயிர் இருந்து எல்லாம் செத்துப் போயிருந்தா, எப்படிக் கண்டுபிடிப்பாங்கன்னு ஒரு அக்கா கேட்டாங்க. உங்கிட்ட கேட்டுச் சொல்றேன்னுட்டேன்."

விமலா கண்ணைத் திறந்தார். "நல்ல கேள்வி லா." மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்: "உயிர் இருந்த இடம் அப்படியே இருக்காதுன்னு சொல்லு. கல்லுல, மண்ணுல எதையாவது மாத்திட்டுத்தான் போயிருக்கும். அதத்தான் தேடுறாங்க. எழுதிக்க, மறந்துடுவ."

எழுதிக்கொண்டேன். மூன்றாம் நாள் போய்விட்டார்.

அன்று மண்டபத்தில் காத்திருந்து திரும்பிய குளுவாங் நண்பர்களே, நான் வராததை விமலா கடைசிவரை அறியவில்லை. மருந்துச் சீட்டின் பின்பக்கம் நான் எழுதிய அந்தச் சில வரிகள்தான் அவருடையதாக என்னிடம் இருக்கின்றன. மண்டபத்தை மறுபடி கேட்டிருக்கிறேன். வாருங்கள். அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிட்டு, அவர் பதிலைப் படிக்கிறேன்.