மழை ஓவர், ஓவர்

முற்பகல் பதினொன்று பத்துக்கு ஹந்தானை மலையின் உச்சி தெரிந்தது. விடிந்ததிலிருந்து முகிலுக்குள் கிடந்த மலை. குண்டசாலையில் என் வீட்டு மாடியில், கல்யாணத்துக்கென்று இஸ்திரி போட்ட சட்டையோடு, ரேடியோவின் முன்னால் கதிரையில் உட்கார்ந்திருந்தேன்.

மழையையும் வெள்ளத்தையும் கவனித்து ஒருவருக்கொருவர் அறிவிக்கும் தொண்டர் குழு எங்களுடையது. எல்லோரும் உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலிக்காரர்கள். எங்களில் மூத்தவர், அண்ணன் என்ற பொருளில் நாங்கள் 'நானா' என்று அழைப்பவர், தெல்தெனியவில் கடை வைத்திருக்கிறார். அன்று அவருடைய மகளுக்கு நிக்காஹ். மாப்பிள்ளையின் ஊர் நாவலப்பிட்டி. அங்கே பாதையில் வெள்ளம் ஏறியதால் மாப்பிள்ளை வீட்டாரின் பஸ் புறப்படாமல் நின்றது. காலையில் விழுந்த இடிக்குப் பிறகு அந்தப் பக்கம் போனும் வேலை செய்யவில்லை.

பஸ் நின்ற இடத்துக்கு எதிர்வீடு எங்கள் குழுவிலுள்ள ஆசிரியையுடையது. அவருடைய ரேடியோ தெல்தெனியவுக்கு எட்டாது, நடுவில் மலை. என் கூரை அன்டெனாவுக்கு இருவருடைய குரலும் எட்டும். ஆகவே நான்தான் தூது.

"அண்ணே, மழை ஓவர். ஓவர்" என்றார் ஆசிரியை.

பத்திரிகையில் வேலை பார்த்தவன் நான். ஒருவர் சொன்னதில் ஒரு சொல்லையும் மாற்றுவதில்லை.

"நானா, மழை ஓவர். ஓவர்."

"யா அல்லாஹ்! ஒரு ஓவர் பத்தாதெண்டு ரெண்டு ஓவரா?"

பேச்சை முடிக்கும்போது ஓவர் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். மகளின் கல்யாணத்தன்று அதை மறந்துவிட்டார். பேசுவதற்கு அழுத்தும் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவும் மறந்ததால், சமையல்காரரிடம் அவர் கத்தியதும் கேட்டது: "அரிசிய போட வாணாம்! மாப்பிள்ள வாறல்ல!"

"ஆடு வெந்து முடிஞ்சி முதலாளி! மாப்பிள்ள வராட்டி நானா கலியாணம் கட்டுற?"

பின்னால் பெண்கள் சிரித்தார்கள். நானா ஒருவழியாக விரலை எடுத்து, "மழைமானியில எவ்வளவெண்டு கேளுங்கோ" என்றார்.

கேட்டேன். "இந்த அரை மணித்தியாலத்துக்குச் சைபர், அண்ணே. ஓவர்."

"சைபரா?" என்றார் நானா. "சைபர் எப்பிடி ஓவராகும்?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆசிரியையிடம் சொன்னேன். ரேடியோ அதிரச் சிரித்தார்.

"அய்யோ, மழை முடிஞ்சிருச்சுங்கிறேன்! பாதையில தண்ணியும் வடிஞ்சிருச்சு. பஸ் கிளம்பப் போகுது. மாப்பிள்ளதான் இறங்கி நின்னு தள்ளுறாரு!"

இதையும் சொல்லுக்குச் சொல் அனுப்பினேன். தெல்தெனியவில் யாரோ தாளம் போடத் தொடங்கினார்கள். "அரிசிய போடுங்கோ!" என்று நானா கத்தினார். சமையல்காரர் சொன்னதை இங்கே எழுத முடியாது. சிரித்த சிரிப்பில் தேநீரைச் சட்டையில் ஊற்றிக்கொண்டேன்.

வேறு சட்டையில் நான் போய்ச் சேர்ந்தபோது பஸ்ஸும் வந்தது. மாப்பிள்ளை வெறுங்காலோடு இறங்கினார். சப்பாத்து இரண்டும் கையில் இருந்தன.