இஷ் என்றால் நான்

விளக்கேற்றிவிட்டுத் திரும்பினேன். ஒன்பதாவது படிக்கும் என் மகள் ஜெர்மன் பாடத்தைச் சத்தமாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். “இஷ்... இஷ்...”

மாமல்லபுரத்துப் பள்ளியில் அதே வகுப்பில் நானும் ஜெர்மன் எடுத்தேன். எங்கப்பா கடற்கரைக் கோயில் பக்கம் இளநீர் விற்றார். ஒருநாள் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து நான் படித்தது அவர் காதில் விழுந்துவிட்டது.

“சாமி எதிர்ல இன்னாடி, இச்சு இச்சுன்னு முத்தம் குடுத்துகினு கீற?”

“இல்லப்பா, இஷ்னா நான்னு அர்த்தம்.”

“நானா? பொட்டப்புள்ளைக்கு இன்னா நானு?”

அம்மாகூடச் சிரித்தாள். மறுநாள் அப்பா பள்ளிக்கே வந்து என் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டார். அந்த வருஷம் முழுக்க ஜெர்மன் வகுப்பு நேரத்தில் வராந்தாவில் தனியாக உட்கார்ந்து, உள்ளே மற்றப் பிள்ளைகள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வாசலில் என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. பிள்ளையைப் படிக்காதே என்று ஒருநாளும் சொல்லாத மனுஷர்.

“மெதுவாப் படிடி, அப்பா வந்துட்டாரு” என்று சொல்லிவிட்டேன். அவளும் குரலை இறக்கிக்கொண்டாள்.

வேதகிரீஸ்வரா, எங்கப்பா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது.